நோயும் தோற்றமும்: இந்திய நாட்டில் தோல் மருத்துவம்

நம் நாட்டுப் பெருநகர் எதிலேனும் தோல் மருத்துவர் ஒருவருடைய வாயிலில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தால், வேறெந்த மருத்துவர் வாயிலிலும் காணாத ஒரு கூட்டத்தைக் காணலாம். இடுப்பில் படர்தாமரையோடு வந்த ஆலைத் தொழிலாளி, திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் மகளை அழைத்து வந்த தாய், உதட்டோரத்தில் வெண்திட்டுக் கண்ட பள்ளிச் சிறுவன், முகப்பருவின் வடுவை அகற்ற விரும்பும் இளைஞர், முழங்கையருகே வெளிறிய தேமல் போன்ற ஒன்றைக் காட்டி, "இதில் வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, மகன்தான் வற்புறுத்தி அனுப்பினான்" என்று சொல்லும் முதியவர், இவர்கள் அனைவரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்திருப்பார்கள்.

இவர்களுள் நோய் தீர வந்தவர் யார், அழகு நாடி வந்தவர் யார் என்று பிரிக்கப் புகுந்தால் நாம் சற்றுத் திகைத்துத்தான் போவோம். சிறுவனுடைய வெண்திட்டு அவன் உயிருக்கோ உறுப்புக்கோ தீங்கு செய்வதன்று. ஆயினும் வீட்டார் உறக்கம் இழந்திருப்பார்கள். முதியவரின் தேமலோ அவருக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. ஆனால் அங்கிருப்போருள் மருத்துவர் மிகுந்த கவலையோடு பார்க்கப்போவது அதைத்தான். உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு தொழுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

நோயைத் தீர்ப்பது மருத்துவம், நிறத்தையும் பொலிவையும் தருவது வாணிகம் என்று ஒரு கோடு கிழித்துப் பேசுவது எளிது. மருத்துவர்களிலேயே சிலர் அவ்வாறு பேசுவதுண்டு. நாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் இந்நாட்டில் தோல் மருத்துவம் வளர்ந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்தக் கோடு நேராக நிற்கவில்லை. அஃது எங்கே வளைகிறது, எங்கே உண்மையாகவே ஒரு கோடு வேண்டியிருக்கிறது என்பதே நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பார்ப்போம். சரகர், சுசுருதர் ஆகியோர் பெயரால் வழங்கும் ஆயுர்வேதத் தொகைகளில் 'குஷ்டம்' என்னும் பெயர் ஒரு நோயைக் குறிப்பதன்று. தோலைக் கெடுக்கும் பதினெட்டு வகை நோய்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றுள் ஏழு பெரியவை, பதினொன்று சிறியவை என வகுத்தார்கள். இன்று நாம் தொழுநோய் என்று சொல்வதும் அதனுள் அடங்கும். படை, சிரங்கு, செதிலுதிர்தல் போன்ற எளியனவும் அடங்கும். தோலில் வெண்திட்டு உண்டாவதைக் 'கிலாசம்' என்றும் 'சுவித்திரம்' என்றும் தனியே குறித்தார்கள். இது தோலளவில் நிற்பது, நீர் கசியாதது என்று சுசுருத சங்கிதை அதைக் குஷ்டத்தினின்றும் வேறுபடுத்தியே சொல்கிறது. நூலோர் இத்தனை கவனத்தோடு பிரித்து வைத்ததை உலக வழக்குக் கலந்துவிட்டது. காலப்போக்கில் 'குஷ்டம்' என்ற சொல் தொழுநோய் ஒன்றுக்கே உரியதாகக் குறுகிற்று. குறுகிய பின்னும் வெண்திட்டுக்கு 'வெண்குஷ்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆங்கிலம் கற்றோரும் அதை வெள்ளைத் தொழுநோய் என்று பொருள்பட மொழிபெயர்த்து எழுதினார்கள். தொற்றாத ஒரு நிறக்குறைவு, தொற்றுநோய் ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டது. இப்பெயரால் நின்றுபோன திருமணங்களையும் ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளைகளையும் கணக்கெடுத்தவர் எவரும் இல்லை. அண்மைக் காலத்தில் தமிழில் 'வெண்புள்ளிகள்' என்ற சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. ஒரு மருந்து செய்யக்கூடியதைவிட அதிகமான நன்மையை இந்த ஒரு சொல் செய்யக்கூடும் என்றால் அது மிகையன்று.

வெண்திட்டைப் போக்க நம் முன்னோர் முயலாமலும் இல்லை. அதர்வ வேதத்தில் கிலாசத்தை நீக்கக் கருநிற மூலிகை ஒன்றை விளித்துப் பாடும் மந்திரங்கள் இருக்கின்றன. அந்த மூலிகை யாது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் பின்வந்த மருத்துவர்கள் கையாண்ட செடியில் ஐயமில்லை. வடமொழியில் 'பாகுசி' எனப்படும் அதன் விதையை நாம் 'கார்போகி அரிசி' என்கிறோம். நாட்டுமருந்துக் கடையில் நலங்கு மாவுக்குச் சாமான் வாங்கச் சென்ற தாய்மார்களுக்கு இந்தக் கரிய சிறு விதை பழக்கமானதே. கல்யாணப் பெண்ணின் மேனிக்குப் பூசும் மாவிலும் இதுவே. வெண்திட்டுக்கு மருந்தும் இதுவே. விதையை உண்டோ பூசியோ வெயிலில் இருக்கச் செய்வது பழைய முறை.

வெயில் எதற்கு என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1933-ஆம் ஆண்டில் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்னும் இந்திய வேதியியலார் மூவர் இவ்விதையினின்றும் 'சொராலென்' என்ற பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 1940-களில் எகிப்து நாட்டின் கெய்ரோவில் எல் மொஃப்டி என்னும் மருத்துவர், நைல் நதிக் கரையில் விளையும் வேறொரு செடியிலிருந்து கிடைத்த இதே இனப் பொருள்களை வெண்திட்டு நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். சொராலென் தோலில் சேர்ந்திருக்கும்போது சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால், நிறமி செய்யும் உயிரணுக்கள் தூண்டப்படுகின்றன. அதே வினை உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதையும் தடுக்கிறது. 1974-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர் இதைச் சோரியாசிஸ் என்னும் செதிற்படைக்குப் பயன்படுத்தி வெளியிட்ட கட்டுரையில், இந்தியரான மதுகர் பாதக்கின் பெயரும் இருக்கிறது. சுற்றி வளைத்து வந்த பாதைதான். ஆயினும் தொடங்கிய இடம் கார்போகி அரிசியே. இதைக் கேட்டுவிட்டு எவரும் விதையை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கப் புறப்பட வேண்டாம். அளவு மிஞ்சினால் தோல் கொப்புளித்து வெந்துவிடும். இம்முறை இன்று மருத்துவர் மேற்பார்வையில், நிமிடக் கணக்கில் நடப்பது.

நிற்க. தோற்றத்தைச் சீர்செய்வதும் மருத்துவமே என்பதற்கு நம் நாட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1792-ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிச் சென்ற காவஸ்ஜி என்னும் மராட்டியர், திப்பு சுல்தானின் வீரரிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டார்கள். மூக்கை அறுப்பது கொல்வதற்காகச் செய்யும் தண்டனையன்று. வாழ்நாள் முழுதும் நாணி வாழச் செய்யும் தண்டனை. ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி இருந்த காவஸ்ஜிக்குப் பூனாவின் அருகே செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு அமைத்துக் கொடுத்தார். அவருடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. அருகிருந்து பார்த்த ஆங்கில மருத்துவர் இருவரின் பெயர்கள் மட்டும் பதிவாகியிருக்கின்றன.

வேலை நடந்த விதம் இது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவாக அமைத்து, பின் அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு இழுத்தார். அக்கோட்டின் வழியே நெற்றித் தோலை உரித்தார். ஆனால் இரு கண்களுக்கும் இடையில் ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார். அந்தத் துண்டின் வழியாகத்தான் உரித்த தோலுக்கு இரத்தம் ஓடும். பின் தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கு இருந்த இடத்தில் கீறி வைத்த விளிம்பில் பொருத்தினார். ஒட்டுவதற்குத் தையலில்லை. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி அடுக்கடுக்காக ஒட்டினார். நான்கு நாள் கழிந்ததும் நெய் நனைத்த துணி வைத்தார். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள், புதுத் தோல் வேர்கொண்ட பின், நெற்றியோடு இணைத்திருந்த துண்டை அறுத்துச் சமன்செய்தார். இந்தச் செய்தி படத்தோடு 1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1814-இல் லண்டனில் இதே அறுவையைச் செய்து, 1816-இல் நூலாகவும் எழுதினார். கன்னத் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறை சுசுருதர் நூலில் உண்டு. நூல் ஏதும் படித்திராத கைவினைஞர் குடும்பங்களில் அது நெற்றித் தோலாக மாறி உயிர்த்திருந்தது. காவஸ்ஜிக்கு உடல்நோய் எதுவும் இருக்கவில்லை. அவர் நாடியது முகத்தைத்தான். அதை வெறும் அழகு வேலை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அக்காலத்துத் தோல் மருந்துகள் பெரும்பாலும் இரகசியமாகவே விற்கப்பட்டன. பம்பாயில் 'கோவாப் பொடி' என்ற மஞ்சள் கலந்த பழுப்புப் பொடி, படர்தாமரைக்குக் கைகண்ட மருந்தென்று நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தோலிலும் துணியிலும் பட்டால் கறை போகாது. கோவாவிலிருந்து வந்ததால் அதற்கு அப்பெயர். ஆனால் அது எந்த மரத்தினது என்று கேட்டால் சொல்வாரில்லை. 1870-களில்தான் உண்மை வெளிப்பட்டது. பிரேசில் நாட்டுப் பஹியா காடுகளில் வளரும் ஒரு மரத்தின் உட்பிளவுகளில் படியும் பொடி அது. போர்ச்சுகீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். லண்டனில் ஒரு நோயாளி தமக்கு உள்ளது படர்தாமரை என்று தவறாக எண்ணி அதைப் பூசிக்கொண்டார். இருந்ததோ செதிற்படை, அது குணமடைந்தது. அதைக் கண்ட மருத்துவர் பால்மன்னோ ஸ்குவையர் அப்பொடியைச் செதிற்படைக்கு மருந்தாக்கினார். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குப் பிரேசில் சரக்கு வருவது நின்றபோது, 1916-இல் அங்குள்ளோர் அதற்கு ஈடாகச் செயற்கையில் ஒன்று செய்தார்கள். 'டித்ரனால்' என்ற பெயரில் அது நெடுங்காலம் செதிற்படைக்கு முதன்மையான மருந்தாக இருந்தது. நம் வீட்டுத் தோட்டங்களில் படர்தாமரைக்காக வளர்க்கும் சீமை அகத்தியும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. 'சீமை' என்ற அடைமொழியே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனித் தொழுநோய்க்கு வருவோம். இந்நாட்டுத் தோல் மருத்துவத்தின் பெரும்பகுதி அந்நோயின் நிழலில் வளர்ந்தது. 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் அதன் கிருமியைக் கண்டார். ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் சட்டம்தான் மருந்தாக நின்றது. 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம், புண் தோன்றத் தொடங்கியவரையே தொழுநோயாளர் என்று வரையறுத்தது. அவர்களுள் பிச்சை எடுப்போரையும் பிழைக்க வழியற்றுத் திரிவோரையும் பிடியாணை இன்றிக் காவலர் கைதுசெய்து காப்பகத்துக்கு அனுப்பலாம். உணவு, துணி, மருந்து தொடர்பான தொழில்களைச் செய்யவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் தடை விதிக்க அச்சட்டம் வழிசெய்தது. இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புண் இருப்பவரே நோயைப் பரப்புவார் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. புண் இல்லாதவரிடம் கிருமி மிகுந்திருக்கலாம். புண் உள்ளவரிடம் கிருமி ஒன்றுகூட இல்லாமற் போகலாம். சட்டம் கிருமியைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு விகாரமாகத் தெரிந்ததைப் பார்த்தது. அச்சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2016-இல்தான். தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்று 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. மருந்து வந்த பின்னும் எத்தனை ஆண்டுகள் சட்டம் பின்தங்கி நடந்தது என்பதை இவ்விரு ஆண்டுகளும் காட்டுகின்றன.

அக்காலத்தில் இருந்த ஒரே மருந்து நீரடிமுத்து எண்ணெய். வங்கத்தில் அதன் இனமான 'சால்மூக்ரா'. சுசுருதர் 'துவரகம்' என்று சொன்னதும் இவ்வினமே. 1854-இல் கல்கத்தாவிலிருந்து மௌவட் என்னும் மருத்துவர் இதை மேனாட்டாருக்கு அறிமுகம் செய்தார். குடித்தால் வாந்தி, ஊசியாக ஏற்றினால் பொறுக்கவொண்ணா வலி. கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் இந்த எண்ணெயினின்றும் ஊசிக்கேற்ற உப்புகளைச் செய்து பார்த்தார். 1920-களின் தொடக்கத்தில் அங்கு இயங்கத் தொடங்கிய வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தொழுநோய் ஆராய்ச்சியோடு தோல் நோய்ப் பிரிவும் ஏற்பட்டது. அதை நடத்திய ஆக்டன் என்பவரை இந்தியத் தோல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்வோர் உண்டு. சேவாகிராமத்தில் காந்தியடிகள் பர்ச்சுரே சாஸ்திரி என்னும் வடமொழிப் புலவரின் தொழுநோய்ப் புண்களைத் தம் கையாலேயே கழுவி எண்ணெய் தேய்த்துவிட்டதும் மருந்தற்ற அந்தக் காலத்தில்தான். 1941-இல் அமெரிக்காவில் சல்ஃபோன் மருந்து பயன் தந்தது. அதே தசாப்தத்தில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் அதன் மலிவான தாய்ப்பொருளையே நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். 'டாப்சோன்' என்று இன்று வழங்குவது அதுதான்.

மருந்து வந்தது, கிருமி அழிந்தது, ஆனால் நோயாளி வீடு திரும்ப முடியவில்லை. இதற்கு விடை தேடியவர்களுள் வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு முதன்மையானவர். விரல்கள் அழுகி விழுவது கிருமியால் அன்று, உணர்ச்சி இழந்ததால் என்பதை அவர் காட்டினார். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் சுடாது. பூட்டில் சாவியை அழுத்தித் திருகும்போது தோல் கிழிந்தாலும் தெரியாது. இரவில் உறங்கும்போது எலி விரலைக் கடித்துத் தின்றும் விழிக்காதவர்கள் இருந்தார்கள் என்று கண்டு, வீடு திரும்பும் நோயாளர்க்குப் பூனைக்குட்டி கொடுத்தனுப்பினார்களாம். மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை பிராண்டு செய்தார். கை நிமிர்ந்தவர்கள் சிலர் சில மாதங்களில் திரும்பி வந்து, வேலை கொடுப்பார் இல்லை என்றார்கள். கை சரியாயினும் முகம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொழுநோயில் புருவமயிர் உதிரும், மூக்குத்தண்டு உள்வாங்கும். பார்த்த மாத்திரத்தில் கடைக்காரர் கதவைச் சாத்துகிறார்.

ஆகவே மூக்கையும் புருவத்தையும் அமைக்கும் வேலை அங்கே தொடங்கிற்று. தலையின் பக்கத்திலிருந்து மயிரோடு கூடிய தோலை, அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளத்தை அறுக்காமல், நெற்றித் தோலின் அடியே நுழைத்துப் புருவ இடத்தில் கொண்டுவந்து பொருத்தினார்கள். பூனாவில் செங்கல் சுடுபவர் விட்டுவைத்த சிறு துண்டின் தத்துவமே இது. தலைமயிர் ஆகையால் அது நீண்டு வளர்ந்துகொண்டே இருக்கும். கத்தரித்து விட வேண்டும். ஆனால் நெடுநாள் புருவமின்றி இருந்த சிலர் கத்தரிக்க மனமின்றி அதைக் கண் மறைக்கும் அளவுக்கு வளர்த்துக்கொண்டு பெருமையோடு உலவினார்கள். புருவம் இல்லாவிட்டால் உடலுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆயினும் அவர்களுடைய சிகிச்சை முற்றுப்பெற்றது அந்தப் புருவத்தால்தான்.

1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தபின் தொழுநோய் வேகமாகக் குறைந்தது. 2005-ஆம் ஆண்டு இறுதியில் நாடு முழுமைக்கும் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டினோம். நோய் ஒழிந்துவிட்டது என்று பலர் அதற்குப் பொருள் கொண்டார்கள், அது தவறு. 2023-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டறியப்பட்டார்கள். உலகத்தின் புதிய நோயாளர் தொகையில் பாதிக்கு மேல் அது.

இத்துறையினரின் சங்க வரலாற்றை நாம் விரிக்க வேண்டியதில்லை. 1947-இல் ஒரு சங்கம் தோன்றிற்று. 1973-இல் அதுவும் வேறொரு சங்கமும் இணைந்து இன்றுள்ள அகில இந்தியச் சங்கம் ஆயிற்று. அதன் பெயரில் தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் உண்டு. மருத்துவர்களின் பெயர்ப்பலகையிலும் இம்மூன்றும் எழுதப்படும். அப்பலகையின் கீழ் நுழைய நாணித் தெருமுனை மருந்துக்கடையிலேயே ஏதேனும் ஒரு களிம்பை வாங்கிப் போனவர் எத்தனையோ பேர். அந்த நாணத்தின் விலையைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

இந்நாட்டுப் பழக்கங்களே உண்டாக்கும் தோல் நோய்களும் உண்டு. சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடும் சேங்கொட்டைச் சாற்றால், இரண்டாம் உலகப் போரின்போது இங்கு வந்த அந்நிய வீரர்களின் கழுத்தில் சரியாகக் குறி பட்ட இடத்தில் கொப்புளம் தோன்றிற்று. ஒட்டுப்பொட்டின் பின்புறப் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் நெற்றி நடுவில் நிறத்தைப் போக்கிப் பொட்டளவு வெண்மையை உண்டாக்குவதை இந்திய மருத்துவர்களே கண்டு எழுதினார்கள். வெள்ளைத் திட்டை மறைக்க மேலும் பெரிய பொட்டு வைத்துக்கொள்வது நோயை வளர்ப்பதாகும். டெல்லியில் பி. என். பெஹல் என்பவர் 1964-இல், நிறமுள்ள இடத்திலிருந்து மிக மெல்லிய தோலைச் சீவி வெண்திட்டில் ஒட்டும் முறையை வெளியிட்டார். வெண்திட்டுக்கு அறுவை முறைகளைச் செம்மைப்படுத்தியதில் நம் நாட்டு மருத்துவர்களின் பங்கு பெரிது. காரணமும் வெளிப்படை: கருமையும் மாநிறமுமான மேனியில் வெண்திட்டு எடுப்பாகத் தெரியும், சமூகம் அதை மன்னிப்பதில்லை.

இதுவரை சொன்னவற்றில் தோற்றத்தைச் சீர்செய்வது ஒருவருக்கு அவர் இழந்ததைத் திருப்பித் தருவதாக இருந்தது. இனி வருவது வேறு. எதையும் இழக்காதவரிடம் உனக்கொன்று குறைவு என்று சொல்லி விற்பது.

வெண்மை விற்பனை இந்நாட்டில் புதிதன்று. 1919-இல் பம்பாயில் பாடன்வாலா என்பவர் 'ஆஃப்கான் ஸ்நோ' என்ற முகப்பூச்சைக் கொண்டுவந்தார். பனி என்ற பெயரே நிறத்தைச் சொல்லிவிட்டது. 1929-இல் கல்கத்தாவில் தோன்றிய 'போரோலின்' அப்படியன்று. அது வெடிப்புக்கும் காயத்துக்கும் உரிய சுதேசிக் களிம்பு. 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, வரன் இல்லை. பூசிச் சில வாரங்களில் இரண்டும் கிடைத்தன என்று கதை சொன்ன அதன் விளம்பரங்களை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கறுத்தவரைத் தாழ்ந்தவராகக் காட்டலாகாது என்று விளம்பரத் துறையின் சொந்த மன்றமே 2014-இல் விதி செய்தது. 2020-இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீங்கி, ஒளியைக் குறிக்கும் சொல் ஏறிற்று. வெண்திட்டையும் தொழுநோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. நிறத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்வதையும் அதில் சேர்க்க 2020-இல் வரைவு ஒன்று வெளியிடப்பட்டது.

மேனி நிறத்தைப் பற்றி அறிவியல் சொல்வது எளிமையானது. நிறமி செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் நிறமித் துகள்களின் அளவும் பரவுகின்ற விதமும்தான் வேறு. அந்த நிறமி சூரியக் கதிரினின்றும் நம்மைக் காக்கும் குடை. குடையைக் கிழிப்பதற்காகப் பணம் கொடுப்பது எவ்வகை அறிவு என்று நாம் கேட்கலாம். ஆனால் பெண் பார்க்க வருபவர்கள் குடையைப் பற்றிக் கேட்பதில்லை என்று அந்தத் தாய் பதில் சொல்வார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

இந்த ஆசை வெறும் பனிக்களிம்போடு நின்றிருந்தால் பணம் மட்டுமே விரயம். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளிடம் அது சென்று சேர்ந்ததுதான் கேடு. ஸ்டீராய்டு 1950-களில் தோல் மருத்துவத்துக்குக் கிடைத்த பெருங்கொடை. அழற்சியைச் சில நாட்களில் அடக்கும். முகத்தில் தடவினால் இரத்த நுண்குழல்கள் சுருங்கி, நிறமி செய்யும் வேலையும் குறைந்து, முகம் வெளுத்துப் பளபளக்கும். கறுந்திட்டுக்காக ஸ்டீராய்டும் வேறிரண்டு பொருளும் சேர்த்து மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த கலவை ஒன்று, அழகுக் களிம்பென்று எண்ணப்பட்டுக் கடைகளில் சீட்டின்றி விற்கலாயிற்று. அக்கம்பக்கத்தார் சொல்லியும், அழகு நிலையத்தார் சொல்லியும் மாதக்கணக்கில் பூசினார்கள். தோல் மெலிந்தது, சிவந்த குழல்கள் வெளியே தெரிந்தன, பருவும் மயிரும் முளைத்தன. நிறுத்தினாலோ முகம் தீப்பட்டதுபோல் எரியும். எரிச்சலைத் தாங்காமல் மீண்டும் பூசுவார்கள். இந்நிலைக்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்ற பொருளில் பெயரிட்டவர்கள் இந்திய மருத்துவர்களே. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் பல நகரங்களில் முகநோயோடு தோல் மருத்துவரிடம் வந்த 2926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம்.

அதே களிம்பைப் படர்தாமரையின் மேல் பூசியவர்கள் இன்னொரு கேட்டுக்கு வழி திறந்தார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை அடக்காது. அரிப்பு நின்றதும் குணமாயிற்று என்று எண்ணுவார்கள். பூஞ்சையோ காப்பின்றிப் பரவும். சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாடெங்கும் குடும்பம் குடும்பமாகப் படர்தாமரை பரவி, முன்பு இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்தது மாதக்கணக்கில் நீடித்தது. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத ஒரு பூஞ்சை இனம் இதனிடையே தலைதூக்கிற்று. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியர் ஒருவரிடமும் நேபாளியர் ஒருவரிடமும் எடுத்த பூஞ்சையைக் கொண்டு அதைப் புதிய இனமாக வகுத்தபோது, 'இந்தோட்டினியே' என்று நம் நாட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிற கண்டங்களிலும் இப்போது அது காணப்படுகிறது. பெயர்ப்பலகையைக் கண்டு நாணி மருந்துக்கடையோடு திரும்பியவர்களின் கதை இவ்வாறு முடிந்திருக்கிறது.

தோல் மருத்துவர்களின் சங்கத்தார் பல ஆண்டுகள் முறையிட்டபின், 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசாங்கம் பதினான்கு ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அறிவித்தது. அறிவிப்புக்குப் பின்னும் சீட்டுக் கேட்காத கடைகள் உண்டு. அதனால்தான் இன்றும் பல தோல் மருத்துவர்கள், வந்தவர் அமர்ந்ததும் நோயைக் கேட்பதற்கு முன்பாகவே, "இதுவரை என்னென்ன பூசினீர்கள்? கைப்பையில் இருந்தால் எடுங்கள்" என்கிறார்கள். மகளை அழைத்து வந்த தாய் தயங்கித் தயங்கிப் பாதி தீர்ந்த குழாய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஆலைத் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்தும் பெரும்பாலும் அதே குழாய்தான் வருகிறது.